புது ஜெயிலுக்கு என் வரிப்பணம் எதற்கு? ஒரு கவுண்டியின் கணக்கு

கேள்வி இது: "அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஜான்ஸ் கிரீக்கில் வீடு வாங்கியிருக்கிறோம். சொத்து வரி ரசீதில் பள்ளிக்கு, நகரத்துக்கு, ஃபுல்டன் கவுண்டிக்கு என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் நகரத்துக்குச் சொந்த போலீஸ் இருக்கிறது. பிறகு கவுண்டிக்கு எதற்குப் பணம்? விசாரித்தால், அதில் பெரும்பகுதி ஷெரிஃபுக்கும் ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் போகிறது என்கிறார்கள். புது ஜெயில் கட்ட 170 கோடி டாலர் ஆகும் என்று ஒரு பேச்சு ஓடியது. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? நம் ஊரில் சிறை என்றால் மாநில அரசு பார்த்துக்கொள்ளும். இங்கே மாவட்டம் மாதிரி ஒரு அமைப்பு ஏன் ஜெயில் நடத்துகிறது?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் போலீஸும் சிறையும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. புழல் சிறைக்கு எவ்வளவு செலவு செய்வது என்று மாவட்டக் கலெக்டரிடம் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தண்டனை பெற்று ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருக்க வேண்டியவர்கள் பொதுவாக மாநிலச் சிறைக்குப் போகிறார்கள். கைதாகி விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் சிறு தண்டனைக்காரர்களும் கவுண்டி ஜெயிலில் இருக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய ஆறு மாநிலங்களில் மட்டும் இரண்டையும் மாநிலமே நடத்துகிறது. மற்ற இடங்களில் ஜெயில் என்பது பெரும்பாலும் கவுண்டியின் பொறுப்பு, கவுண்டியின் செலவு.

இந்த ஜெயில்களில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் பணக்கணக்கு புரியும். 2023-ஆம் ஆண்டு நடுவில் நாடு முழுக்க உள்ளூர் ஜெயில்களில் சுமார் 6.6 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மீது குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. விசாரணைக் கைதிகள்தான். ஒரு வருடத்தில் ஜெயில் வாசலைத் தாண்டி உள்ளே போகிற எண்ணிக்கையோ 70 லட்சத்துக்கும் மேல். சிலர் ஒரே இரவில் வெளியே வந்துவிடுகிறார்கள், சிலர் ஒரு வருடம் கழித்தும் வருவதில்லை. ஆகவே ஜெயில் செலவு எத்தனை பேர் கைதாகிறார்கள் என்பதைவிட, ஒவ்வொருவரும் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஜான்ஸ் கிரீக் போலீஸ் ஒருவரைப் பிடித்தால் அவரை வைத்துக்கொள்ள நகரத்திடம் சொந்தமாகப் பெரிய ஜெயில் கிடையாது. வழக்கு பெரிதானால் அட்லாண்டாவில் ரைஸ் தெருவில் இருக்கும் கவுண்டி ஜெயிலுக்குத்தான் போவார். ஃபுல்டனில் அநேகமாக எல்லா நிலமும் ஏதோ ஒரு நகரத்துக்குள் வந்துவிட்டது. அதனால் ஷெரிஃபுக்கு ரோந்து வேலை குறைவு. ஜெயில், நீதிமன்றப் பாதுகாப்பு, வாரண்ட் இவைதான் அவர் துறையின் முக்கிய வேலை. உங்கள் தெருவில் ஷெரிஃப் கார் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான். வரி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை.

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? காகிதத்தில் பதில் எளிது. ஃபுல்டன் கவுண்டியை ஆளும், மக்கள் தேர்ந்தெடுத்த கமிஷனர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஆறு பகுதிகளிலிருந்து வருகிறார்கள், தலைவரைக் கவுண்டி முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. பட்ஜெட்டை நிறைவேற்றுவதும் வரி விகிதத்தை நிர்ணயிப்பதும் அவர்கள் கையில் இருக்கின்றன. ஆனால் ஷெரிஃப் அவர்களுடைய ஊழியர் இல்லை. அவரும் மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர். மாவட்ட அரசு வழக்கறிஞரும் அப்படித்தான். பெரிய வழக்குகளைக் கேட்கும் நீதிபதிகளும் தேர்தலில் நிற்பவர்கள். கைது செய்கிற போலீஸோ நகரங்களுடையது. யாரை ஜாமீனில் விடுவது என்று நீதிபதி சொல்கிறார். குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலாகும் என்பது வழக்கறிஞர் கையில். ஷெரிஃப் வந்தவரை வாங்கிக்கொள்ள வேண்டும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. கடைசியில் பில் கமிஷனர்கள் மேஜைக்கு வரும்.

ஆளை அனுப்புகிறவர் யாரும் பணம் கட்டுவதில்லை, பணம் கட்டுகிறவர் யாருக்கும் ஆள் எண்ணிக்கையில் பிடி இல்லை. அமெரிக்கக் கவுண்டி பட்ஜெட் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே முடிச்சிலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம். நீதிபதி ஒருவர் ஜாமீன் தொகையை 5,000 டாலர் என்று வைக்கிறார், அந்த ஆளிடம் 500 கூட இல்லை. அவர் மூன்று மாதம் உள்ளே இருந்தால் அந்தச் செலவு நீதிமன்றத்தின் கணக்கில் எங்கும் வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜார்ஜியாவில் ஷெரிஃப் என்பது மாநில அரசியல் சட்டமே உண்டாக்கிய பதவி. அவருக்கு நியாயமான பட்ஜெட் ஒதுக்க வேண்டியது கமிஷனர்களின் கடமை. ஆனால் ஒதுக்கிய பணத்தை அவர் துறைக்குள் எப்படிச் செலவழிப்பது என்பதில் அவர்கள் தலையிட முடியாது. இதனால் ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் ஒரே நாடகம் நடக்கும். ஷெரிஃப் "ஆள் போதவில்லை, பணம் தாருங்கள்" என்பார். கமிஷனர்கள் "போன வருடம் கொடுத்த பணியிடங்களையே நீங்கள் நிரப்பவில்லையே" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

ஆள் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பணம் போகிற இடம் அதுதான். ஜெயிலில் ஒரு தளத்தைக் கவனிக்க எப்போதும் ஒரு காவலர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாற்காலி. வருடத்துக்கு 8,760 மணி நேரம் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ஒரு ஊழியர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் வருடத்துக்கு 2,080 மணி. விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் போக 1,750 மணிக்கு மேல் அவர் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார். ஆக ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர். நாற்பது நாற்காலி என்றால் இருநூறு பேர். சம்பளம், இன்ஷூரன்ஸ், ஓய்வூதியம் எல்லாவற்றையும் பெருக்கிக்கொள்ளுங்கள். இருநூறில் அறுபது இடம் காலியாக இருந்தால் மிச்சமிருப்பவர்கள் ஓவர்டைம் பார்க்கிறார்கள். ஓவர்டைமில் சோர்ந்துபோய் இன்னும் பத்துப் பேர் வேலையை விடுகிறார்கள். டெக்சஸில் 48 கைதிகளுக்கு ஒரு காவலர் இருந்தாக வேண்டும் என்று மாநில விதியே இருக்கிறது. அந்த விகிதத்தைத் தொட முடியாத கவுண்டிகள் கைதிகளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டி லூசியானா, மிசிசிப்பி வரைக்கும் காசு கொடுத்துக் கைதிகளை அனுப்பியிருக்கிறது. கட்டில் தட்டுப்பாடு என்று சொல்லப்படுவது பல நேரம் ஆள் தட்டுப்பாடுதான். இதைத் தெரிந்துகொண்டால் "புதுக் கட்டடம் கட்டினால் தீர்ந்துவிடும்" என்ற பேச்சைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பீர்கள்.

இனி உங்கள் ரைஸ் தெரு. இந்த ஜெயிலை உலகமே ஒரு நாள் பார்த்தது. 2023 ஆகஸ்ட் 24 அன்று டொனால்ட் ட்ரம்ப் கைரேகை வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டது இங்கேதான். அந்தப் படத்தைப் பார்த்த எத்தனை பேருக்கு அந்தக் கட்டடத்தின் கதை தெரியும் என்று சொல்ல முடியாது. 1989-இல் திறந்த கட்டடம். நெரிசல், ஆள் பற்றாக்குறை பற்றிய வழக்கில் 2006-இலேயே நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வந்து, 2015-இல் அதிலிருந்து வெளியே வந்தது. பிறகு பழையபடியே சரிந்தது. 2022 செப்டம்பரில், சிறு குற்றச்சாட்டில் பிடிபட்டு மனநலப் பிரிவில் வைக்கப்பட்டிருந்த 35 வயதுக்காரர் ஒருவர் செத்துக் கிடந்தார். உடம்பெல்லாம் மூட்டைப்பூச்சி. குடும்பத்தின் வழக்கறிஞர் அடுத்த ஏப்ரலில் படங்களை வெளியிட்டபோது ஊர் கொதித்தது. குடும்பத்துக்கு 40 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. 2023 ஜூலையில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் விசாரணையைத் தொடங்கியது. அந்த ஒரே வருடத்தில் ஷெரிஃப் காவலில் இருந்தவர்களில் பத்துப் பேர் இறந்தார்கள். 2024 நவம்பரில் வந்த அறிக்கை, அங்குள்ள நிலைமை அரசியல் சட்டத்தை மீறுகிறது என்று சொன்னது. பூட்டுகள் வேலை செய்யவில்லை. கைதிகள் இடிந்துகொண்டிருந்த சுவரிலிருந்தே துண்டுகளைப் பெயர்த்தெடுத்துக் கத்தி செய்துகொண்டார்கள். 2025 ஜனவரியில் கவுண்டி மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, நீதிமன்ற மேற்பார்வைக்கும் வெளிக் கண்காணிப்பாளருக்கும் சம்மதித்தது. கண்காணிப்பாளருக்கும் சம்பளம் கவுண்டிதான் கொடுக்க வேண்டும்.

இடையில் ஒரு வேடிக்கை. அட்லாண்டா நகரத்துக்கென்று தனியாக ஒரு பெரிய ஜெயில் இருந்தது, அதில் கைதிகள் அவ்வளவாக இல்லை. அதை மூடிவிட்டுச் சமூக சேவை மையமாக மாற்றப் போகிறோம் என்று 2019-இல் அன்றைய மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ் அறிவித்தார். மூன்று வருடம் கழித்து, 2022-இல், அதே கட்டடத்தில் 700 படுக்கைகளைத் தலைக்கு நாளுக்கு 50 டாலர் வாடகையில் கவுண்டிக்குக் கொடுக்க நகரம் சம்மதித்தது. உங்கள் வரி ரசீதில் நகரம், கவுண்டி என இரண்டு வரி இருக்கின்றன என்றீர்களே. அட்லாண்டாவுக்குள் வீடு வைத்திருப்பவரைப் பொறுத்தவரை, அவர் கட்டிய ஜெயிலுக்கு அவரே இன்னொரு பாக்கெட்டிலிருந்து வாடகை கொடுக்க வேண்டிவந்தது.

இந்தப் பின்னணியில்தான் 170 கோடி வந்தது. ஷெரிஃப் பேட்ரிக் லபாட் புதுக் கட்டடம் வேண்டும் என்று விடாமல் கேட்டார். ஆய்வாளர்கள் போட்ட மதிப்பு 170 கோடி டாலரைத் தொட்டது. 2024 ஜூலையில் கமிஷனர்கள் வேண்டாம் என்று சொல்லி, சுமார் 30 கோடி டாலரில் பழைய கட்டடத்தைச் செப்பனிடும் வழிக்குப் போனார்கள். அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. 170 கோடியை 4 சதவீத வட்டியில் 30 வருடக் கடனாக வாங்கினால் வருடத் தவணை மட்டும் 10 கோடி டாலரை நெருங்கும். இது நானே போட்ட கணக்கு, வட்டி மாறினால் தொகையும் மாறும். ஃபுல்டனின் பொது நிதி மொத்தமே வருடத்துக்கு 100 கோடி டாலரை ஒட்டியது. நூலகம், முதியோர் உதவி, தேர்தல் நடத்துவது, மக்கள் நலம் எல்லாம் அதற்குள். பத்தில் ஒரு பங்கு செங்கல்லுக்கே போய்விடும், அதற்குப் பிறகும் நாற்காலிகளுக்கு ஆள் போட வேண்டும்.

ஆனால் செப்பனிடுவதும் மலிவான வழி இல்லை. குழாயும் பூட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு தளமாகக் காலி செய்ய வேண்டும். அந்தக் கைதிகளை எங்கே வைப்பது? மறுபடியும் வாடகைப் படுக்கை. என்னைக் கேட்டால், எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஜார்ஜியா சட்டப்படி, கைதாகி 90 நாளுக்குள் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன்னால் வழக்கு வரவில்லையென்றால் அந்த ஆளுக்கு ஜாமீன் நிர்ணயிக்கப்பட வேண்டும். அதைத் தாண்டியும் குற்றப்பத்திரிகை இல்லாமல் நூற்றுக்கணக்கில் ஆட்கள் கிடந்தார்கள் என்பது ஃபுல்டனில் பல வருடப் புகார். வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் நீதிமன்ற எழுத்தர்களுக்கும் கொடுக்கிற ஒரு டாலர், ஜெயிலில் நாலைந்து டாலரை மிச்சப்படுத்தக்கூடும். ஆனால் "நாங்கள் எழுத்தர்களை நியமித்தோம்" என்று சொல்லி யாரும் தேர்தலில் ஓட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

கடன் வாங்குவது பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கவுண்டி தன் வரி வருமானத்தையே ஈடாக வைத்துக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் பெரும்பாலான மாநிலங்களில் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். ஜெயில் என்று போட்டால் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிற ஆபத்து உண்டு. அதனால் ஒரு சுற்று வழி இருக்கிறது. கட்டட ஆணையம் என்று தனியாக ஓர் அமைப்பு கடன் வாங்கிக் கட்டும். கவுண்டி அதை வருட வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். சட்டப்படி அது கடன் இல்லை, வாடகை. ஓட்டெடுப்பும் தேவையில்லை. பணம் கட்டுவது என்னவோ அதே வரிசெலுத்துவோர்தான். இது திருட்டு வேலை அல்ல, பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும்கூட இப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் அஜெண்டாவில் "ஆணையம்", "குத்தகை" என்ற சொற்களைப் பார்த்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

"கொடுக்கவே மாட்டோம் என்றால் என்ன ஆகும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் தெற்கே ஜோசஃபின் கவுண்டி, தலைநகர் கிராண்ட்ஸ் பாஸ், மக்கள்தொகை எண்பதாயிரத்துக்கு மேல். நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மத்திய அரசின் காடு. காட்டுக்கு வரி போட முடியாது. அதற்கு ஈடாக, 1937-இல் வந்த ஒரு சட்டப்படி, மரம் வெட்டிய வருமானத்தில் பெரும்பங்கு கவுண்டிக்கு வந்துகொண்டிருந்தது. மரப்பணம் கொட்டிய காலத்தில் மக்களிடம் வரி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 1990-இல் புள்ளி ஆந்தை அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினம் என்று பட்டியலில் சேர்ந்தது, மரவெட்டு சரிந்தது. பிறகு 1997-இல் ஓரிகன் மக்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, ஒவ்வொரு கவுண்டியின் நிரந்தர வரி விகிதத்தையும் அப்படியே உறைய வைத்தார்கள். ஜோசஃபினின் விகிதம் ஆயிரம் டாலர் மதிப்புக்கு 59 சென்ட் கூட இல்லை. இரண்டு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடத்துக்குக் கவுண்டி வரி சுமார் 117 டாலர். மாநிலத்திலேயே மிகக் குறைவு.

2000-இல் மத்திய அரசு மரப்பணத்துக்குப் பதிலாக ஓர் உதவித்தொகையைக் கொடுக்கத் தொடங்கியது. அது தேய்ந்து 2012-இல் கிட்டத்தட்ட நிற்கும் நிலைக்கு வந்தது. கவுண்டி, ஆயிரத்துக்கு 1.99 டாலர் கூடுதல் வரி கேட்டு மே மாதம் ஓட்டுக்கு விட்டது. மக்கள் மறுத்தார்கள். ஷெரிஃப் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். ஜெயிலில் இருந்த பலரைத் திறந்துவிட்டார். அப்புறம் ஓர் அறிக்கை விட்டார்: குடும்ப வன்முறை மாதிரி ஆபத்தில் இருப்பவர்கள் போதிய போலீஸ் வசதி உள்ள வேறு இடத்துக்குக் குடிபோவதைப் பற்றி யோசிக்கலாம் என்று. அரசு அலுவலகம் ஒன்று தன் குடிமக்களுக்கு இப்படிச் சொன்னதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஒரு பெண் அவசர எண்ணை அழைத்தார். முன்பே தன்னை அடித்தவன் கதவை உடைக்கிறான் என்றார். வார இறுதியில் அனுப்ப ஷெரிஃபிடம் ஆள் இல்லை. அழைப்பு மாநில போலீஸுக்குத் திருப்பிவிடப்பட்டது, அவர்களிடமும் பக்கத்தில் ஆள் இல்லை. பத்து நிமிடத்துக்கும் மேல் அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை. அவன் உள்ளே வந்துவிட்டான்.

இதற்குப் பிறகு மக்கள் மனம் மாறியிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். 2013-இல் 1.48 டாலர் கேட்டார்கள், மயிரிழையில் தோற்றது. 2014-இலும் 2015-இலும் மறுபடி கேட்டு மறுபடி தோற்றார்கள். ஊர்க்காரர்கள் சிலர் தாங்களே துப்பாக்கியோடு காவல் சுற்றத் தொடங்கினார்கள். 2017 மே மாதத்தில்தான், ஜெயிலுக்கும் சிறுவர் காப்பகத்துக்கும் மட்டும் என்று வரையறுத்து ஆயிரத்துக்கு 93 சென்ட் கேட்டபோது, மக்கள் சம்மதித்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் நிறைய உள்ள ஊர். காட்டை வைத்திருப்பவன் மத்திய அரசு, வரியை உயர்த்த வேண்டியது நாங்களா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடைசியில் எது ஜெயித்தது என்பதையும் கவனியுங்கள். "பொதுப் பாதுகாப்பு" என்று மொத்தமாகக் கேட்டபோது தோற்றது, இன்ன கட்டடத்துக்கு இவ்வளவு என்று கேட்டபோது ஜெயித்தது.

எதிர்த் திசையில் போன ஊர்களும் உண்டு. ஜெயிலையே வருமானமாகப் பார்த்தவை. லூசியானாவில் மாநிலக் கைதிகளில் பாதிப் பேர் மாநிலச் சிறையில் இல்லை, உள்ளூர் ஷெரிஃப்களின் ஜெயில்களில் இருக்கிறார்கள். அண்மை வருடங்களில் தலைக்கு நாளுக்கு 26 டாலர் சொச்சம் மாநிலம் கொடுத்துவந்தது. அந்தத் தொகையில் மிச்சம் பிடித்துத்தான் சில ஷெரிஃப்கள் துறையையே நடத்துகிறார்கள். இப்படி நடத்துகிற இடத்தில் படுக்கை காலியானால் பட்ஜெட்டில் ஓட்டை விழும். கைதி குறைந்தால் நஷ்டம் என்ற நிலைமை வந்துவிட்டால் அங்கே நீதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மொன்டானாவில் ஹார்டின் என்ற சிற்றூர் இன்னும் ஒரு படி மேலே போனது. அது கவுண்டி அல்ல, நகரம் உண்டாக்கிய ஆணையம். முன்பு சொன்ன அதே சுற்று வழி. 2 கோடி 70 லட்சம் டாலர் பத்திரம் வெளியிட்டு, 464 படுக்கையோடு 2007-இல் ஜெயிலைக் கட்டி முடித்தார்கள். கைதி ஒருவர்கூட வரவில்லை. 2008-இல் தவணை தவறியது. 2009-இல் குவாண்டநாமோ ராணுவச் சிறையின் கைதிகளை எங்களிடம் அனுப்புங்கள் என்று நகரசபை தீர்மானம் போட்டது, மாநிலத்தின் செனட்டர்களே ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் ஒரு "பாதுகாப்பு நிறுவனம்" மெர்சிடிஸ் கார்களில் ஹார்டின் போலீஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கியது. நாங்கள் ஜெயிலை நிரப்புகிறோம் என்றார்கள். அந்த நிறுவனத்தின் தலைவர் மோசடி வழக்குகளில் தண்டனை பெற்றவர் என்பது பிறகு வெளியே வந்தது. ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது.

மருத்துவச் செலவைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. 1976-இல் உச்ச நீதிமன்றம், கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது கொடூரத் தண்டனைக்குச் சமம் என்றது. ஆக, வைத்தியம் பார்ப்பது கட்டாயம். ஆனால் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம், 1965-இல் தொடங்கியபோதே, உள்ளே இருப்பவருக்குப் பணம் தராது என்று எழுதிவிட்டது. வெளி மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு மேல் சேர்க்கப்பட்டால் மட்டும் விலக்கு. குற்றம் நிரூபணமாகாத விசாரணைக் கைதிக்கும் இதே விதிதான். நேற்று வரை மெடிக்கெய்டில் மனநல மாத்திரை வாங்கியவர் இன்று கைதானால் நாளை முதல் அந்த மாத்திரை கவுண்டியின் செலவு. ஜெயிலில் மனநோயாளிகள் நிறைந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா முதல் மாநிலமாக, விடுதலைக்கு முந்தைய 90 நாளுக்காவது மெடிக்கெய்ட் பணம் தர மத்திய அனுமதி பெற்றது. மற்ற மாநிலங்களும் பின்னால் வரத் தொடங்கியிருக்கின்றன.

கலிஃபோர்னியா என்றதும் லாஸ் ஏஞ்சலஸ். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் கவுண்டி, ஐந்தே ஐந்து மேற்பார்வையாளர்கள் (கமிஷனர்களுக்கு அங்கே அந்தப் பெயர்). 1963-இல் திறந்த மத்திய ஜெயிலுக்குப் பதிலாக மனநலச் சிறை மருத்துவமனை ஒன்றைக் கட்ட 170 கோடி டாலர் ஒப்பந்தத்துக்குத் தலையசைத்துவிட்டு, 2019 ஆகஸ்டில் அவர்களே அதை ரத்து செய்தார்கள். (உங்கள் ஊர்த் தொகையும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) 2020 நவம்பரில் மக்கள் ஜே என்ற தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். கவுண்டி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய உள்ளூர் வருவாயில் பத்து சதவீதமாவது வீட்டுவசதி, சிகிச்சை, வேலைப்பயிற்சி போன்றவற்றுக்குப் போக வேண்டும், ஜெயிலுக்கும் போலீஸுக்கும் போகக் கூடாது என்பது அதன் சாரம். 2021-இல் ஒரு நீதிபதி செல்லாது என்றார், 2023-இல் மேல் நீதிமன்றம் செல்லும் என்றது. 2024-இல் மேற்பார்வையாளர் எண்ணிக்கையை ஐந்திலிருந்து ஒன்பதாக்க ஜி என்று வேறொரு தீர்மானம் வந்து ஜெயித்தது. கவுண்டி சாசனத்தில் ஜே-யின் வாசகத்தை உரிய இடத்தில் யாரும் சேர்க்காமல் விட்டிருந்தார்கள், அந்தப் பழைய பிரதியை வைத்து ஜி-யை எழுதியதில் ஜே அடிபட்டுப்போகும் நிலை வந்தது. 2025-இல்தான் இது வெளியே தெரிந்தது. கோடிக்கணக்கான டாலரின் தலையெழுத்து, ஒரு குமாஸ்தா வேலையில் நடந்த விடுபடலால் ஊசலாடியது.

டெக்சஸ் நேர்மாறு. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டிகள் போலீஸுக்கான பங்கைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் மக்களிடம் ஓட்டு வாங்க வேண்டும் என்று 2021-இல் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. ஆக, உள்ளூர் முடிவு என்று நாம் நினைப்பதில் மாநிலத் தலைநகரின் கையும் இருக்கிறது.

கடைசியாக உங்கள் வீட்டுக் கணக்கு. ஜார்ஜியாவில் சந்தை மதிப்பில் 40 சதவீதத்தை மட்டுமே வரிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வீடு 5 லட்சம் டாலர் என்றால் வரிக்குரியது 2 லட்சம். ஃபுல்டனின் பொது நிதி விகிதம் அண்மை வருடங்களில் ஆயிரத்துக்கு 9 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆக 1,750 டாலரை ஒட்டி வரும். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான விலக்குக்கு விண்ணப்பித்திருந்தால் அதற்கும் கீழே. விண்ணப்பிக்காதவர்கள் நம்மவர்களில் ஏராளம், முதலில் அதைச் செய்யுங்கள். ரசீதில் பெரிய தொகை பள்ளிக்குப் போகிறது, கவுண்டிக்கு அல்ல.

ஃபுல்டனின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் நவம்பரில் வெளியாகும், ஜனவரியில் இறுதி ஓட்டு. வரி விகிதத்தைத் தனியாகக் கோடையில் முடிவு செய்வார்கள். சொத்து மதிப்பு உயர்ந்ததால் தானாகக் கூடும் வருமானத்தை வேண்டாம் என்று விகிதத்தைக் குறைக்காவிட்டால், சட்டப்படி அது வரி உயர்வு. மூன்று பொது விசாரணை வைத்தாக வேண்டும். நீங்கள் எச்1பி விசாவில் இருந்தால் ஓட்டுப் போட முடியாது, ஆனால் கூட்டத்தில் எழுந்து பேச விசா யாரும் கேட்பதில்லை. அப்படிப் பேச நேர்ந்தால் ஜெயில் வேண்டுமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை காவலர் பணியிடம் காலியாக இருந்தது, ஓவர்டைமுக்கு எவ்வளவு போனது, ஒரு கைதி சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கிறார், குற்றப்பத்திரிகை இல்லாமல் 90 நாளைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கு ஷெரிஃப் பதில் சொல்ல வேண்டும், கடைசி இரண்டுக்கு வழக்கறிஞர் அலுவலகமும் நீதிமன்றமும். கமிஷனர்களையும் சேர்த்து நாலு தரப்பும் ஒரே அறையில் இருக்கும் கூட்டத்தைத் தேடிப் போங்கள், தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார்.